நார் எந்தப் பக்கம் போகிறது?

2024 ஏப்ரல் 2 அன்று, பணகுடிக்கு அருகே மகேந்திரகிரி மலையடியில் இருக்கும் இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில், பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் நிலை எஞ்சினை 200 விநாடி எரியவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு வாரம் முன்பு, மார்ச் 19 அன்று, 60 விநாடிக்கு ஒரு முன்னோட்டமும் நடந்திருந்தது. எஞ்சின் பழகிய எஞ்சின்தான். தீ வெளியேறும் வாய்ப்பக்கத்துக் கூம்புதான் புதிது. கொலம்பியம் என்று பழைய பெயரில் அழைக்கப்படும் நையோபியம் கலவை உலோகத்தில் அதுவரை செய்துவந்த கூம்பை, இந்த முறை கார்பன் இழையைக் கார்பனிலேயே பொதித்துச் செய்திருந்தார்கள். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் வேலை அது. சோதனையில் கூம்பின் சூடு 1216 கெல்வின், அதாவது 943 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, அங்கேயே நிலைகொண்டது. கூம்பின் எடை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததால், ராக்கெட் இனி 15 கிலோ கூடுதலாகச் சுமக்கும் என்று இஸ்ரோ கணக்குச் சொன்னது.

அதே குடும்பத்துப் பொருள் ஒன்று சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் போகும் சாலையில் விடியற்காலைகளில் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஹெல்மெட்டும் இறுக்கமான பனியனுமாகப் போகிறவர்களின் சைக்கிள்களில் சில கார்பன் பிரேம் சைக்கிள்கள். டீக்கடையில் சாத்திவைத்தால் யாராவது ஒருவர் வந்து சுண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். பிறகு பாரை விரல் முட்டியால் தட்டிவிட்டு, "என்ன அண்ணாச்சி, பிளாஸ்டிக்கா?" என்பார். சொந்தக்காரருக்கு முகம் சுருங்கிப்போகும். ஆனால் கேட்டவர் சொன்னது பாதி சரி. அந்த பிரேமின் கொள்ளளவில் ஏறக்குறைய நாற்பது சதம் எபாக்சி என்ற பிளாஸ்டிக் பிசின்தான். மீதி அறுபதுதான் கார்பன் இழை. 900 கிராம் எடையுள்ள பிரேமில் இழையின் பங்கு சுமார் 600 கிராம்.

முழு சைக்கிளின் விலை பத்து லட்சம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. அந்தப் பணம் 600 கிராம் கறுப்பு நூலுக்காக என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதே ஆலையிலிருந்து வரும் நூலைக் கொண்டு அதே அளவு எடையில், ஓட்டவே லாயக்கில்லாத பிரேமும் செய்யலாம். நூலின் ஒவ்வொரு கீற்றும் எந்தத் திசை பார்த்துப் படுத்திருக்கிறது என்பதற்குத்தான் காசு. அதைப் புரிந்துகொள்ள நூல் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கார்பன் இழை வெள்ளையாகத்தான் பிறக்கிறது. பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற நீண்ட பெயருள்ள பாலிமரை நூலாக இழுக்கிறார்கள். ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலின் நெருங்கிய உறவு அது. அந்த நூலைக் காற்றுள்ள உலையில் 200 முதல் 300 டிகிரி வரை, இழுத்துப் பிடித்தபடியே சூடேற்றுவார்கள். வெள்ளை மஞ்சளாகி, பழுப்பாகி, கறுக்கும். உள்ளே நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து ஏணிப்படி போல மாறுகின்றன. இந்த வினையே வெப்பத்தைக் கக்கும் வினை என்பதால் அவசரப்பட்டால் நூல் தீப்பிடித்துவிடும். அடுத்த உலையில் ஆக்சிஜனே கிடையாது, நைட்ரஜன் நிரம்பியிருக்கும். அங்கே 1000 முதல் 1500 டிகிரி. ஹைட்ரஜனும் நைட்ரஜனும் வாயுக்களாகக் கழன்றுபோக, தொடங்கிய எடையில் ஏறக்குறைய பாதி மட்டும் கார்பனாக மிஞ்சும். இன்னும் விறைப்பான ரகம் வேண்டுமென்றால் 2000 டிகிரிக்கு மேலும் சுட வேண்டும். கடைசியில் கையில் இருப்பது 5 முதல் 7 மைக்ரான் தடிமன் உள்ள இழை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு.

கடைசிவரை இழுத்துப் பிடிப்பது ஏன்? கார்பன் அணுக்கள் அறுகோணங்களாகச் சேர்ந்து தகடு தகடாக அடுக்கப்படும் இயல்புடையவை. ஒரே தகட்டுக்குள் அணுக்களின் பிணைப்பு மிக வலுவானது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே பிடிப்பு மிகவும் லேசு. பென்சில் கரி தாளில் வழுக்கி எழுதுவது இந்த லேசான பிடிப்பினால்தான். நூலை இழுத்துப் பிடித்துச் சுட்டால் தகடுகள் நூலின் நீளவாக்கில் வரிசைப்படுகின்றன. ஆக, நீளவாக்கில் அசுர பலம், குறுக்குவாக்கில் பலவீனம் என்ற குணம் அணு மட்டத்திலேயே விதிக்கப்பட்டுவிடுகிறது. பிறகு வரும் வேலை முழுவதும் இந்த ஒரு குணத்தோடு மல்லுக்கட்டுவதுதான்.

வரலாற்றைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். எடிசன் 1879-லேயே கரியாக்கிய பருத்தி நூலை விளக்கில் எரியவிட்டவர். அது வெளிச்சத்துக்கு, வலுவுக்கு அல்ல. 1958-ல் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் மிக வலுவான கிராஃபைட் மயிரிழைகளைக் கண்டார். அதையொட்டிய ஆண்டுகளில் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ அக்ரிலிக் வகை நூலிலிருந்து கார்பன் இழை எடுத்தார். 1960-களின் நடுவில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தார் அதை நன்கு வலுவாக்கினார்கள். 1971-ல் ஜப்பானின் டோரே நிறுவனம் டி300 என்ற இழையை வணிகத்துக்குக் கொண்டுவந்தது. இன்று சைக்கிள் பிரேம்களில் பரவலாக இருக்கும் டி700, டி800 எல்லாம் அதன் வாரிசுகள்.

இனி இழையின் குணத்துக்கு வருவோம். தாமிரபரணிக் கரையில் இதை விளக்கப் பத்தமடையை விட்டால் வேறு இடம் இல்லை. ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, ஓடும் நீரில் ஊறப்போட்டு, மெல்லிய கீற்றுகளாகக் கிழித்து நெய்யும் பாய்கள் அங்கே பிரசித்தம். ஒரு கோரையை இரு முனையும் பிடித்து இழுத்துப் பாருங்கள், கை வலிக்கும். அதையே நகத்தால் நீளவாக்கில் பிளந்தால் அப்படியே பிரிந்துகொடுக்கும். பிரிந்துகொடுப்பதால்தான் பட்டுப்போல மடிகிற மெல்லிய பாய் சாத்தியம். பாயில் இந்தக் குறையைப் பருத்திப் பாவு நூல் ஈடுகட்டுகிறது. கோரை ஒரு பக்கம், நூல் குறுக்கே மறுபக்கம்.

கார்பனுக்கும் இதே கணக்கு, எண்கள்தான் பெரியவை. டி700 போன்ற இழையை எல்லாம் ஒரே திசையில் படுக்கவைத்து எபாக்சியில் ஊறவைத்த தகட்டின் விறைப்பு, நார் போகும் திசையில் சுமார் 135 கிகா பாஸ்கல். குறுக்கே அளந்தால் 9 சொச்சம்தான். உடையும் வலுவில் இடைவெளி இன்னும் மோசம்: குறுக்கே இழுத்தால், நேராகத் தாங்கும் சுமையில் நாற்பதில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். குறுக்கே தாங்குவது இழை அல்ல, பிசின்.

சரி, எல்லாத் திசைக்கும் சமமாக இழைகளைப் படுக்கவைத்துவிட்டால்? பொறியாளர்கள் இதைக் கேலியாகக் 'கறுப்பு அலுமினியம்' என்பார்கள். அப்போது விறைப்பு 50 சொச்சத்துக்கு இறங்கிவிடும். அலுமினியம் 70, எஃகு 200-க்கு மேல். எடைக்கு எடை பார்ப்போம். எஃகு, அலுமினியம் இரண்டும் ஒரு எடை அலகுக்குத் தரும் விறைப்பு ஆச்சரியமாக ஏறத்தாழ ஒன்றேதான். அதை 1 என்று வைத்துக்கொண்டால், எல்லாத் திசைக்கும் பரப்பிய கார்பன் 1.3. சுமை போகும் திசையிலேயே படுக்கவைத்த கார்பன் 3.4. இந்த 1.3-க்கும் 3.4-க்கும் நடுவில்தான் சைக்கிள் பிரேம் செய்பவரின் முழுத் திறமையும் இருக்கிறது. சோம்பேறித்தனமாக அடுக்கினால் அலுமினிய பிரேமைவிடக் கொஞ்சம் தேவலாம் என்ற அளவில் நின்றுவிடும். விளம்பரங்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை. 'விண்வெளித் தரக் கார்பன்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

எஃகு சைக்கிளில் இந்தத் தலைவலியே இல்லை. அம்பத்தூரில் 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய டிஐ சைக்கிள்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-ல் ஆவடியில் குழாய் ஆலையும் வந்தது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று ஊர் ஊராக ஓடிய வண்டிகளின் பிரேமுக்குக் குழாய் ஆலையிலிருந்து வரும். வெட்டி, மூட்டில் பொருத்தி, பற்றவைத்தால் பிரேம். எஃகு எஃகாகவே வந்துசேர்கிறது, எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே குணம். கார்பன் பிரேமில் பொருளும் வடிவமும் ஒரே அச்சுக்குள், ஒரே நேரத்தில் பிறக்கின்றன. அச்சு திறக்கும்வரை பிரேமும் இல்லை, அந்தப் பொருளும் இல்லை. அதனால் பிழை நேர்ந்தால் மூலப்பொருளின் மேல் பழி போட முடியாது.

வேலை குளிர்பெட்டியில் தொடங்குகிறது. இழைகளை ஒரே திசையில் பரப்பி, பாதி இறுகிய எபாக்சியில் ஊறவைத்து, ஒட்டாத காகிதத்தின் மேல் சுருளாகச் சுற்றிவைத்திருப்பார்கள். இதற்கு பிரிபிரெக் என்று பெயர். மைனஸ் 18 டிகிரியில் வைக்காவிட்டால் பிசின் தானாகவே மெல்ல இறுகத் தொடங்கிவிடும். வெளியே எடுத்தால் சில வாரம்தான் ஆயுள். எடுத்த கையோடு உறையைப் பிரித்தாலும் ஆபத்து: நம்மூர் ஈரக்காற்று குளிர்ந்த சுருளின் மேல் வியர்த்துக்கொள்ளும், அந்த நீர் பின்னால் உலையில் ஆவியாகிப் பிரேமுக்குள் குமிழியாக உட்காரும். ஆகவே அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே வைத்திருந்து, பிறகு குளிரூட்டிய அறையில் பிரிக்கிறார்கள்.

ஒரு தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு. கணினி சொன்ன வடிவங்களில் வெட்டும் எந்திரம் அதைத் துண்டுபோடுகிறது. ஒரு பிரேமுக்குச் சில நூறு துண்டுகள். பட்டை, முக்கோணம், நாக்கு, காது என்று விநோத வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் எண், வரிசை, கோணம். இந்த அடுக்கு வரைபடம்தான் நிறுவனங்கள் பூட்டிவைக்கும் ரகசியம். பிரேமின் வெளி வடிவத்தை யாரும் அளந்து நகலெடுக்கலாம். உள்ளே பதினான்காவது துண்டு எந்தக் கோணத்தில் போகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கோணங்களுக்குக் காரணம் உண்டு. பெடலை மிதிக்கும்போது கீழ்க்குழாய் முறுக்கப்படுகிறது. முறுக்கைத் தாங்க இழை குழாயின் அச்சுக்கு 45 டிகிரி சாய்வில், இரு பக்கமும் மாறி மாறிச் சுற்றிவர வேண்டும். வளைவைத் தாங்க நேராக ஓடும் இழை. குழாய் நசுங்காமல் இருக்க வளையம்போலக் குறுக்கே ஓடும் இழை. பெடல் அச்சு உட்காரும் பி.பி. கூட்டைச் சுற்றியும், ஹேண்டில் நுழையும் கழுத்தைச் சுற்றியும் சுமை எல்லாப் பக்கமும் பிய்த்துக்கொண்டு ஓடும். அங்கேதான் துண்டுகள் சின்னச் சின்னதாகி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எண்ணிக்கை கூடுகிறது. பின்சக்கரத்துக்கு இறங்கும் மேல் கால்களை மட்டும் வேண்டுமென்றே மெல்லியதாகவும் மேலும்கீழும் சற்று நெகிழும்படியாகவும் அடுக்குவார்கள். பக்கவாட்டில் விறைப்பு, மேலும்கீழும் நெகிழ்வு: ஒரே குழாயில் இரண்டு குணம். உலோகத்தில் இதைச் செய்யக் குழாயின் வடிவத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. கார்பனின் உண்மையான மகிமை எடையைவிட இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பிரேமின் மேல் சதுரம் சதுரமாகத் தெரியும் நெசவைப் பார்த்து மயங்குபவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வெளி அலங்காரம். நெய்தால் இழை ஏறி இறங்கி வளைகிறது. வளைந்த இழை நேரான இழை அளவுக்கு விறைப்புத் தராது. அதனால் உள்ளே வேலை செய்வதெல்லாம் நெய்யாத, ஒருதிசைத் தாள்கள்தான். பாயோடு உறவு இந்த இடத்தில் அறுந்துவிடுகிறது.

துண்டுகளை அடுக்குவது கை. தைவானிலும் சீனாவிலும் வியட்நாமிலும் இருக்கும் தொழிற்சாலைகளில், வெள்ளை வெளிச்சத்துக்குக் கீழே நீண்ட மேசைகளில் அமர்ந்து, பெரும்பாலும் பெண்கள், வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு துண்டாக ஒட்டுகிறார்கள். பசை பிடிக்காத இடத்தில் சூடான காற்றை ஊதி இளக்கி, விரலால் நீவி, காற்றை வெளியேற்றி, அடுத்ததை ஒட்ட வேண்டும். எந்திரக் கையால் செய்ய முயன்றவர்கள் இருக்கிறார்கள். பிரான்சின் டைம் நிறுவனம் இழையைக் குழாயாகப் பின்னி, காய்ந்த பின்னலை அச்சில் வைத்துப் பிசினை அழுத்திச் செலுத்தும் வேறொரு வழியில் பெயரெடுத்தது. ஆனாலும் கழுத்து மூட்டுப் போன்ற கோணல்மாணலான இடத்தில் விரலுக்கு இணையாக மலிவான எந்திரம் இன்னும் வரவில்லை.

அடுக்குவதற்கு உள்ளே ஒரு தாங்கல் வேண்டுமே? இங்கேதான் மலிவு பிரேமும் உயர்ந்த பிரேமும் பிரிகின்றன. மலிவான வழி: நைலான் காற்றுப்பையின் மேல் சுற்றி, அச்சில் வைத்து, பையை ஊதுவது. பை சுருங்கிய இடத்தில் கார்பனும் சுருங்கும்; மூலையில் பிசின் குட்டையாகத் தேங்கும். வெளியே மெருகு போட்டுவிட்டால் எதுவும் தெரியாது. உயர்ந்த வழி: பிரேமின் உள்வடிவத்துக்கே அச்சாக வார்த்த தெர்மோகோல் கட்டையின் மேல் ரப்பர் பையை இழுத்துப் போட்டு, அதன் மேல் அடுக்குவது. அடுக்கும்போதே துண்டுகள் கடைசி வடிவத்தில் உட்கார்ந்துவிடும். சூட்டில் தெர்மோகோல் சுருங்கிப்போக, பையும் அதுவும் பி.பி. கூட்டின் துளை வழியே வெளியே வந்துவிடும். உள்சுவர் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும். பழைய பிரேம் வாங்குகிறவர்கள் சீட் கம்பியைக் கழற்றி, டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்ப்பது இதற்காக. வெளிப் பூச்சைப் பார்ப்பதைவிட அது புத்திசாலித்தனம்.

பிறகு இரண்டு பாதியாகத் திறக்கும் உலோக அச்சு. ஒவ்வொரு உயர அளவுக்கும் தனி அச்சு வேண்டும். சிறிய, நடுத்தர, பெரிய என்று ஆறேழு அளவு விற்றால் ஆறேழு ஜோடி. அச்சை மூடி, பைக்குள் பல மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, 120 முதல் 150 டிகிரி வரை சூடேற்றுவார்கள். பிசின் முதலில் தேன்போல இளகி ஓடும். அழுத்தம் அதை இழைகளுக்கு இடையே பிதுக்கி, மிச்சத்தையும் காற்றையும் அச்சின் விளிம்பு வழியே வெளியேற்றும். பிறகு குறுக்குப் பிணைப்புகள் ஏற்பட்டு, இனி ஒருபோதும் உருகி ஓடாத திடப்பொருளாக இறுகும். அழுத்தம் போதாவிட்டால் அடுக்குகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் மாட்டிக்கொள்ளும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அமெரிக்காவின் டிரெக் நிறுவனம் 1992-ல் தன் பிரேம் முறைக்கு வைத்த ஓசிஎல்வி என்ற பெயரே 'சிறந்த இறுக்கம், குறைந்த வெற்றிடம்' என்பதன் சுருக்கம்.

முழு பிரேமும் ஒரே வார்ப்பில் வெளியே வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அபூர்வம். முன் முக்கோணம் தனியாக, பின் கால்கள் தனியாக வார்த்து, ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் மறுபடியும் கார்பன் சுற்றி இறுக்குவதுதான் வழக்கம். பிறகு தேய்ப்பு, பூச்சு. பிரேமின் எடை 700 கிராமுக்கு வரும்போது பெயின்ட் கூடக் கணக்கில் வந்துவிடுகிறது. 2020-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் வெளியிட்ட ஏத்தோஸ் பிரேம் 585 கிராம் என்று சொன்னபோது, மிக லேசான பூச்சுக்கான எடை அது.

ஒரே அச்சில் வார்த்த பிரேமை இரண்டு மூன்று விலையில் விற்பதும் உண்டு. வெளி வடிவம் ஒன்றே. விலை கூடிய ரகத்தில் விறைப்பு கூடிய இழை கலந்திருக்கும். அதனால் அதே விறைப்புக்குக் குறைந்த தாள் போதும், எடை குறையும். ஆனால் விறைப்பு ஏற ஏற இழை முறியும் குணமும் ஏறுகிறது. டோரேயின் எம்55ஜே இழை டி700-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பானது, வலுவோ குறைவு. முழு பிரேமையும் அதில் செய்தால் முதல் கல்லில் கதை முடிந்தது. ஆகவே அதை ஊறுகாய் அளவுக்குத்தான் தொட்டுக்கொள்வார்கள். ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டு ரகத்துக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியுமா என்றால், 150 கிராம் தெரியும், அவ்வளவுதான்.

எடையைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுவிடலாம். ஆளும் வண்டியுமாக 80 கிலோ. ஒரு கிலோ குறைத்தால் 1.25 சதம். ஒரு மணி நேரம் ஏறும் மலைப்பாதையில் இது 45 விநாடிக்கும் குறைவான லாபம். போட்டிக்காரருக்கு அது பெரிய விஷயம். மற்றபடி, திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் அடிவாரம்வரை நிலம் அவ்வளவாக ஏறுவதே இல்லை. அங்கே எதிரி எடை அல்ல, காற்று. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் தென்மேற்குக் காற்றை எதிர்த்து மேற்கே மிதிக்கிறவருக்கு இது விளக்காமலே தெரியும். வேகமாகப் போகும்போது சமதரையில் செலவாகும் சக்தியில் பெரும்பகுதியைக் காற்றே விழுங்கிவிடும், அதிலும் பெரும்பங்கு ஆளின் உடம்புக்கு. பிரேமின் குழாயை மழுங்கிய இறக்கை வடிவத்துக்கு வார்த்துக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கார்பனில் அது சுலபம், உலோகத்தில் கடினம். சர்வதேச சைக்கிள் சங்கம் 2000-ஆம் ஆண்டு முதல் போட்டி சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று வரம்பு கட்டிவிட்டதால், நிறுவனங்களின் கவனமும் எடையிலிருந்து காற்றுக்குத் திரும்பியது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிள் இதற்கு முன்னோடி. குழாயே இல்லாத ஒற்றைக் கார்பன் உடல் அது.

இந்தியாவில் இந்தத் தொழில் எங்கே நிற்கிறது? டிஐ சைக்கிள்ஸ் 2011-ல் மான்ட்ரா என்ற பெயரைத் தொடங்கிக் கார்பன் பிரேம் வண்டிகளையும் விற்றது. இழையைப் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறோம். குஜராத்தின் ஹசிராவில் பெரிய ஆலை கட்டப்போவதாக ரிலையன்ஸ் 2022-ல் அறிவித்தது. ஆனால் இழையையும் பிசினையும் சேர்த்து வார்க்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. முப்பந்தல், வள்ளியூர்ப் பக்கம் சுழலும் காற்றாலை இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும்தான். மிக நீண்ட புதிய இறக்கைகளில் முதுகெலும்புக்குக் கார்பனும் சேர்கிறது. அப்துல் கலாம் அடிக்கடி சொல்லிவந்த, நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளின் காலில் மாட்டும் காலிப்பரின் கதையும் இதே வகைதான். ஏவுகணைக்காக ஹைதராபாத்தில் உருவான லேசான கலப்புப் பொருளில், நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்துப் பிள்ளைகளுக்குக் காலிப்பர் செய்தபோது, மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது சுமார் 300 கிராமுக்கு இறங்கியது. ஒரு கிலோவைக் குறைக்கப் பத்து லட்சம் கொடுக்கும் சைக்கிள்காரரைவிட அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பொருள் அதிகம் உழைத்திருக்கிறது.

வாங்கிவிட்டவர்களுக்குச் சில விஷயங்கள். நம்மூரில் சைக்கிள் பார் என்பது பிள்ளையை உட்கார வைக்கும் இடம். கார்பன் பிரேமில் அந்தப் பழக்கம் கூடாது. மேல்பாரின் சுவர் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். ஓடும்போது வரும் சுமைக்காக அடுக்கியது அது. மேலிருந்து ஒரே இடத்தில் அழுத்தும் பாரத்துக்கு அந்தத் திசையில் போதிய இழை கிடையாது. ஓட்டுகிறவர் 90 கிலோவாக இருந்தாலும் தாங்கும், பார் மேல் சாய்ந்து உட்காரும் நண்பர் 60 கிலோவாக இருந்தாலும் வெடிக்கலாம். சீட் கம்பி, ஹேண்டில் போல்ட்டுகளைக் கை அளவு பார்த்து முடுக்குவதும் அப்படியே. பல இடங்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியே இருக்கும். அளவு காட்டும் ஸ்பேனர் இல்லாமல் முடுக்கினால் கார்பன் சத்தமில்லாமல் நசுங்கும்.

வெயிலைக் கண்டு பயப்பட வேண்டாம். பாளையங்கோட்டை மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வைத்தாலும், பிரேமின் பிசின் இளகும் சூடு அதைவிட நன்றாகவே மேலே. கவனிக்க வேண்டியது ரிம் பிரேக் உள்ள கார்பன் சக்கரம். மாஞ்சோலை போன்ற கொண்டை ஊசிச் சாலையில் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கினால் ரிம்மின் சூடு பிசினின் எல்லையைத் தொட்டுவிடும். டிஸ்க் பிரேக் வந்தபிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது. வியர்வை இன்னொன்று. கார்பன் மின்சாரம் கடத்தும். அதோடு அலுமினியம் ஒட்டியிருந்து உப்புநீரும் சேர்ந்தால் சிறிய பேட்டரி ஒன்று உருவாகி அலுமினியத்தை அரிக்கும். நல்ல பிரேமில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய கண்ணாடி இழைத் தாள் ஒன்றை வைத்திருப்பார்கள். அப்படியும் சீட் கம்பியை அவ்வப்போது கழற்றித் துடைக்காவிட்டால் அது பிரேமோடு ஒட்டி உட்கார்ந்துவிடும்.

எஃகு அடிபட்டால் வளையும். கோணலைப் பார்த்தே அடிபட்டது தெரியும். கார்பன் வளையாது. மேலே சிறு கீறல், உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கும். ஒற்றை ரூபாய் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்றும் பிரிந்த இடத்தில் பொத்தென்றும் கேட்கும். சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்டு சோதனை. தூக்கியெறிய வேண்டியதில்லை, பழுதுபார்க்கலாம். உடைந்த இடத்தைச் சுற்றிச் சரிவாகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கையும் படிக்கட்டாக வெளியே கொண்டுவருவார்கள். அப்போதுதான் நிறுவனம் மறைத்த வரைபடம் கண்ணுக்குத் தெரியும்: முதல் அடுக்கு 45, அடுத்தது எதிர்ப்பக்கம் 45, அதற்கடுத்தது நேர் என்று. பழுது பார்ப்பவர் கோணங்களைக் குறித்துக்கொண்டு, அதே திசையில், அதே எண்ணிக்கையில், ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடச் சற்று அகலமாக இருக்கும்படி வெட்டி ஒட்டி, சுற்றி இறுக்கிக் கட்டி, சூடேற்றுவார். பிரேமின் எடை சில பத்து கிராம் கூடும்.